பூட்டும் டிபரன்ஷியலும் அதற்கேற்ற எண்ணெயும்

எண்ணெய் என்றதும் வழுக்கல்தான் நம் நினைவுக்கு வருகிறது. கதவுக் கீல் கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். தையல் இயந்திரம் இறுகினால் இரண்டு சொட்டு விடுகிறோம். உராய்வைக் குறைப்பதே எண்ணெயின் தொழில் என்றும், எவ்வளவுக்கெவ்வளவு உராய்வு குறைகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அது நல்ல எண்ணெய் என்றும் பள்ளிப் பருவத்திலேயே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. இக்கருத்து பெரும்பாலும் உண்மை, முழுதும் உண்மையன்று. உராய்வையே நம்பி வேலை செய்யும் உறுப்புகளும் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடப்பதுண்டு. மோட்டார் வண்டியின் அச்சில் அமைந்திருக்கும் பூட்டும் டிபரன்ஷியல் அவற்றுள் ஒன்று. அதற்குரிய எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை நம் சங்க மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே படிக்க வந்த நம்மிற் பலர் பனியை முதன்முதலாகக் கண்டது இங்கு வந்த பின்னர்தான். அந்த ஆவலால் விடுமுறை வந்ததும் மணாலி, ஸ்பீத்தி, லடாக் என்று மலைப்பக்கம் புறப்பட்டுவிடுகிறோம். ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து ஜீப் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதும் உண்டு; ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் பணம் சேர்த்துப் பழைய வண்டியொன்றை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. புறப்படுமுன் டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம். அச்சுக்குள் இருக்கும் எண்ணெயை மட்டும் பார்ப்பவர் அரியர். பனி மூடிய வளைவில் ஒரு சக்கரம் வீணே சுழலும்போதுதான் அதன் நினைவு வருகிறது. அப்போது நினைத்துப் பயனில்லை.

வளைவில் எழும் சிக்கல்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டும். எவ்வளவு அதிகம்? இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி வந்தால், இரண்டு சக்கரங்களும் ஓடிய தூரங்களின் வேறுபாடு 2 × 3.14 × 1.5, அதாவது ஏறக்குறைய 9.4 மீட்டர். வட்டம் சிறியதாயினும் பெரியதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை. இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பொருத்தியிருந்தால், இந்த 9.4 மீட்டரையும் டயர் தரையில் தேய்த்தே தீர்க்கவேண்டும்.

இத்தொல்லையைத் தீர்ப்பதுதான் டிபரன்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளரான ஒனெசிபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இவ்வமைப்புக்கு உரிமை பெற்றார். அச்சின் நடுவே ஒரு கூடு. கூட்டுக்குள் இடத் தண்டின் முனையில் ஒரு பற்சக்கரம், வலத் தண்டின் முனையில் ஒரு பற்சக்கரம். இரண்டுக்கும் இடையில் இரண்டையும் தொட்டுக்கொண்டு சிறு பற்சக்கரங்கள். நேரே ஓடும்போது கூடு முழுவதும் ஒன்றாகச் சுழலும். வளைவில் சிறு சக்கரங்கள் தம் அச்சில் உருண்டு, ஒரு பக்கத்தை விரைவாகவும் மறு பக்கத்தை மெதுவாகவும் ஓட விடும்.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே தருகிறது. இடச் சக்கரம் பனிக்கட்டியின்மேல் நிற்கிறது, அதைச் சுழற்ற 100 நியூட்டன்-மீட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நல்ல தரையில் நிற்கும் வலச் சக்கரத்துக்கும் 100 நியூட்டன்-மீட்டருக்குமேல் கிடைக்காது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் பயனில்லை. ஒரு சக்கரம் வெறுமனே சுழல, மற்றது அசையாமல் நிற்க, வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஏழையின் பங்கு எவ்வளவோ அவ்வளவே செல்வனுக்கும் என்று அளக்கும் விந்தையான சமத்துவம் இது!

இக்குறையை நீக்கவே பூட்டு வந்தது. வேண்டிய நேரத்தில் இரு தண்டுகளையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால், பிடிப்புள்ள சக்கரம் தன்னால் இயன்ற விசை முழுவதையும் ஏற்று வண்டியை முன்னே தள்ளும். பிணைக்கும் முறை எல்லா வண்டிகளிலும் ஒன்றல்ல. சிலவற்றில் பல்லோடு பல் கோத்துப் பிணைக்கிறது. சிலவற்றில் தட்டோடு தட்டு அழுந்திப் பிணைக்கிறது. எண்ணெய்த் தேர்வு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சார்ந்தே இருக்கிறது. ஆனால் பூட்டைப் பற்றிப் பேசுமுன், அதே எண்ணெயில் நனையும் வேறோர் உறுப்பையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கிரவுனும் பினியனும்

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பூட்டும் கூடு கிரவுன் சக்கரத்தோடுதான் பொருத்தப்பட்டிருக்கிறது. முற்காலத்தில் பினியனின் அச்சு கிரவுனின் நடுமையத்தை நோக்கியே இருந்தது. 1926-இல் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் பினியனை மையத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்தும் ஹைபாயிட் முறையைத் தன் கார்களில் கையாண்டது. இதனால் நீண்ட தண்டு தாழ்ந்தது. காரின் தளமும் தாழ்ந்தது. பினியனும் பெரிதாகி வலுப்பெற்றது. இன்று பெரும்பாலான வண்டிகளின் பின் அச்சில் இருப்பது இம்முறையே.

நன்மையோடு ஒரு தொல்லையும் வந்தது. பழைய முறையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரும்பாலும் உருண்டன. ஹைபாயிட் முறையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று நீளவாட்டில் வழுக்கித் தேய்த்துக்கொண்டு செல்கின்றன. அதுவும் பேரழுத்தத்தின் கீழ். பற்கள் தொடும் சிற்றிடத்தில் அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலையும் தாண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 டன் பளு ஏற்றியதற்கு அது சமம். அங்கே சாதாரண எண்ணெய்ப் படலம் நசுங்கி விலகிவிடும். இரும்பு இரும்பைத் தொடும். கண நேர வெப்பத்தில் ஒட்டும். அடுத்த கணமே பிய்ந்து வரும். சில நூறு கிலோமீட்டரிலேயே பற்கள் பாழாகிவிடும்.

இங்கேதான் ரசாயனம் துணைக்கு வருகிறது. கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய கூட்டுப் பொருள்களைக் கலக்கிறார்கள். குளிர்ந்த இடங்களில் அவை அமைதியாகக் கிடக்கின்றன. பற்கள் உரசும் புள்ளியில் வெப்பம் ஏறியதும் அவை இரும்போடு சேர்ந்து, இரும்புச் சல்பைடு, பாஸ்பேட்டு முதலிய மெல்லிய படலத்தை அதே இடத்தில் உண்டாக்குகின்றன. பற்கள் ஒட்டிப் பிய்வதற்குப் பதிலாக அந்தப் படலம் கிழிகிறது, மீண்டும் உண்டாகிறது. தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வேலை செய்யும் இப்பொருள்களே கியர் எண்ணெய்க்கு அந்தக் காரமான கந்தக வாடையைத் தருவன. கேனைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நண்பர்கள் இனி அதை மன்னிப்பார்களாக.

ஜி.எல்.–4, ஜி.எல்.–5

இக்காப்புப் பொருள்களின் வலிமையைக் குறிப்பதற்காக அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் எண்ணெய்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. கேன்களில் ஏ.பி.ஐ. ஜி.எல்.–4 என்றும் ஏ.பி.ஐ. ஜி.எல்.–5 என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். கடுமையான பளுவைத் தாங்கும் ஹைபாயிட் பற்களுக்கு உரியது ஜி.எல்.–5. அதில் காப்புப் பொருள் ஜி.எல்.–4 எண்ணெயில் இருப்பதைப்போல் சுமார் இரு மடங்கு.

இரு மடங்கு காப்பு என்றால் எல்லா இடத்திலும் ஜி.எல்.–5-ஐயே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். பலரும் இடறுவது இங்கேதான். பல வண்டிகளின் கியர் பெட்டிக்குள் கியர் மாற்றத்தை இலகுவாக்கும் பித்தளை வளையங்கள் உள்ளன. கந்தகம் செம்புக் கலவைகளை அரிக்கக்கூடியது. அன்றியும் அந்த வளையங்கள் உராய்வால் பிடித்து வேலை செய்பவை. எண்ணெய் மிகவும் வழுக்கினால் பிடிக்க மாட்டாமல் தேய்ந்துபோகும். ஆதலால் கியர் பெட்டிக்கு ஜி.எல்.–4, டிபரன்ஷியலுக்கு ஜி.எல்.–5 என்று தனித்தனியே வகுத்திருக்கும் வண்டிகளே மிகுதி. ஒரே கேனை வாங்கி இரண்டிலும் ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் அதனால் கேட்டின் விலை கேனின் விலையைவிடப் பன்மடங்காகும்.

எண்களின் மொழி

கேனின்மேல் 80டபிள்யூ–90, 75டபிள்யூ–90, 85டபிள்யூ–140 என்றெல்லாம் எண்கள் காணப்படும். இவை எண்ணெயின் தரத்தைக் குறிப்பவை அல்ல. அதன் பாகுநிலையை மட்டும் குறிப்பவை. இரண்டாவது எண் 100 பாகை வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாயிருக்கும் என்பதைக் காட்டுகிறது. எஸ்.ஏ.இ. அளவுமுறையில் 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 140 என்றால் 24 முதல் 32.5 வரை.

எஞ்சின் எண்ணெயின் எண்களோடு இவற்றை ஒப்பிடலாகாது. எஞ்சினுக்கு 40, டிபரன்ஷியலுக்கு 90 என்றால், பின்னது இரு மடங்கு தடித்தது என்று பொருளன்று. அளவுகோல்கள் வேறு. கியர் எண்ணெய் 90-ம், எஞ்சின் எண்ணெய் 40, 50-ம் தடிப்பில் ஏறத்தாழ ஓரினமே.

டபிள்யூ என்ற எழுத்தோடு கூடிய முதல் எண் குளிர்காலத்துக்கு உரியது. எண்ணெயைக் குளிரச் செய்துகொண்டே போனால், 1,50,000 சென்டிபாய்ஸ் என்ற பாகுநிலையை அது எந்தக் குளிர்வரை தாண்டாதிருக்கிறது என்று சோதிக்கிறார்கள். 85டபிள்யூ எண்ணெய் –12 பாகை வரை தேறவேண்டும். 80டபிள்யூ –26 வரை. 75டபிள்யூ –40 வரை. அந்த எல்லைக்குமேல் தடித்துவிட்டால், கிரவுன் சக்கரம் எண்ணெயை வாரி எறிந்து பினியனின் பேரிங்குகளுக்கு அனுப்ப இயலாது. சக்கரம் எண்ணெயில் ஒரு பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு அதற்குள் வெறுமனே சுழலும். பேரிங்கோ எண்ணெயின்றி வறளும்.

சென்னையிலோ மதுரையிலோ வண்டி ஓட்டுபவருக்கு இந்த முதல் எண் ஒரு பொருட்டன்று. ஸ்பீத்தியிலும் லடாக்கிலும் குளிர்கால இரவுகளில் –20 பாகைவரை இறங்குவதுண்டு. அங்கே 85டபிள்யூ–140 ஊற்றிய வண்டியைக் காலையில் கிளப்புவது பினியனுக்குச் செய்யும் கொடுமை. "தடித்த எண்ணெய் கனத்த காப்பு" என்று சில பட்டறைகளில் கூறுவார்கள். சமவெளியில் பெரும் பளு இழுக்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். கைப்புத்தகமே அவ்வாறு கூறும் வண்டிகளும் உண்டு. மலைக் குளிருக்கு அது பொருந்தாது. கைப்புத்தகம் இடம் கொடுத்தால் 75டபிள்யூ–90, இல்லையேல் 80டபிள்யூ–90 என்று செல்வதே அறிவுடைமை.

உராய்வு வேண்டிய இடம்

இப்போது பூட்டுக்கு வருவோம். வயலின் வாசிப்பவர் வில்லில் ரோசின் என்னும் பிசினைத் தேய்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். பிசின் பூசிய வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஓர் அளவுக்குமேல் தந்தி வழுக்கித் திரும்புகிறது. மீண்டும் வில் பற்றுகிறது. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இந்தப் பற்றலும் நழுவலுமே இசையாகிறது. இதற்குக் காரணம், அசையாநிலை உராய்வு அசைநிலை உராய்வைவிட மிகுந்திருப்பது.

எண்ணெயில் மூழ்கிய உராய்வுத் தட்டுகளிலும் இதே நிகழ்ச்சி ஏற்படலாம். மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் பற்றி, நழுவி, மீண்டும் பற்றி வண்டியின் பின்பகுதி அதிர்ந்து உறுமும். அது இசையன்று, இரைச்சல். இதைத் தடுக்க உராய்வு மாற்றி என்னும் பொருளை எண்ணெயில் சேர்க்கிறார்கள். நீண்ட கரிச் சங்கிலியையுடைய மூலக்கூறுகள் இவை. சோப்பு மூலக்கூற்றைப்போல் ஒரு முனை மட்டும் பற்றும் தன்மையுடையது. அம்முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, மறு முனைகள் புல்வெளிபோல் நிமிர்ந்து நிற்கும். தட்டுகள் இப்புல்வெளிமேல் மெதுவாக வழுக்கும்போது உராய்வு குறைந்தும், வேகம் கூடும்போது சற்றே கூடியும் இருக்கும். பற்றி நழுவும் ஆட்டம் நின்றுவிடும்.

ஆக, உராய்வு மாற்றி என்பது ரோசினுக்கு நேர்மாறான பொருள். அதிர்வைத் தணிப்பதற்கு விலையாகப் பிடிப்பில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்கிறது. அந்த விலையைக் கொடுக்கலாமா கூடாதா என்பதைப் பூட்டின் வகையே தீர்மானிக்கிறது.

பூட்டின் வகைகள்

முதல் வகை, கையால் பூட்டுவது. ஓட்டுநர் ஒரு நெம்புகோலையோ பொத்தானையோ இயக்கினால், பல்வைத்த வளையம் ஒன்று நகர்ந்து தண்டையும் கூட்டையும் கோத்துவிடும். போர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் இத்தகைய பூட்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் அழுத்தப்பட்ட காற்றால் வளையத்தை நகர்த்தும் பூட்டைச் செய்கிறது. இங்கே பிணைப்பது பல், உராய்வன்று. ஆதலின் உராய்வு மாற்றிக்கு வேலையே இல்லை. ஹைபாயிட் பற்களுக்காக ஜி.எல்.–5, குளிருக்கேற்ற முதல் எண் ஆகிய இரண்டும் போதும். எண்ணெய் குளிரில் மிகத் தடித்துவிட்டால் வளையம் நகரத் தயங்கும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, தானே பூட்டிக்கொள்வது. ஈட்டன் நிறுவனத்தின் பூட்டு இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1973 முதல் அமெரிக்க லாரிகளில் வந்தது. நம் நாட்டில் மகீந்திரா தார் வண்டியின் சில வகைகளில் 2015 முதல் பொருத்தப்பட்டு வருகிறது. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால், கூட்டுக்குள் இருக்கும் சிறு எடைகள் சுழற்சியால் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். உடனே சரிவான முகங்களையுடைய ஒரு தகடு பக்கச் சக்கரத்தைத் தள்ள, உராய்வுத் தட்டுகள் நெருக்கப்பட்டு இரு தண்டுகளும் கூட்டோடு பிணையும். வண்டி மணிக்கு 32 கிலோமீட்டர் அளவைக் கடந்துவிட்டால் கொக்கி விலகிக்கொள்ளும். வேகமாகச் செல்லும்போது பூட்டாதிருப்பதற்கான ஏற்பாடு இது.

இங்கே தட்டுகள் இருக்கின்றன. தட்டுகளைக் கண்டதும் "உராய்வு மாற்றி சேர்" என்று சொல்லத் தோன்றும். சேர்க்கக்கூடாது என்பதே இவ்வகைக்குத் தயாரிப்பாளர் கூறும் அறிவுரை. காரணத்தை நாமே ஊகிக்கலாம். இத்தட்டுகள் எப்போதும் மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கப் படைக்கப்பட்டவை அல்ல. அழுந்தியதும் பிடித்துவிட வேண்டியவை. அவற்றின் முகத்தில் வழுக்கும் புல்வெளியை வளர்த்துவிட்டால் பூட்டு தாமதிக்கும், தட்டு தேயும், மிஞ்சினால் பூட்டாமலே போகவும் கூடும். பழைய எண்ணெயால் திருப்பத்தில் சிறிது ஓசை வந்தால், செய்யவேண்டியது எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுவதே. புட்டியொன்றை வாங்கி மேலும் கலப்பதன்று.

மூன்றாம் வகை, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் தட்டு டிபரன்ஷியல். ஹைபாயிட் முறையைக் கொணர்ந்த அதே பாக்கார்டு நிறுவனம் 1956-இல் இதனைத் தன் கார்களில் கொடுத்தது. இதில் வில்கள் தட்டுகளை எந்நேரமும் ஓரளவு அழுத்திக்கொண்டேயிருக்கும். இது முழுப் பூட்டன்று. பாதிப் பூட்டு எனலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டுகள் வழுக்கியே ஆகவேண்டும். ஆகவே இவ்வகைக்கு உராய்வு மாற்றி பெரும்பாலும் இன்றியமையாதது. கேனின்மேல் எல்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால், மாற்றி முன்பே கலந்திருக்கிறது என்று அறியலாம். மேலும் ஒரு புட்டி சேர்ப்பது வீண், பிடிப்பையும் கெடுக்கும்.

இம்மூன்றுக்கும் புறம்பாக, டார்சன் முதலிய திருகுப்பல் டிபரன்ஷியல்களும் உண்டு. அவற்றில் தட்டுகளே இல்லை. பற்சக்கரங்கள் கூட்டின் சுவரில் அழுந்தி எழும் உராய்வே பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசையைத் தருகிறது. உராய்வைக் குறைக்கும் பொருளை அதில் சேர்ப்பது, அதன் உயிரையே குறைப்பதாகும்.

ஒரே தோற்றமுள்ள நான்கு அச்சுகளை வரிசையாக வைத்தால் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றுக்கு மருந்தான எண்ணெய் மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. "பூட்டும் டிபரன்ஷியலுக்கு எல்.எஸ். எண்ணெய்" என்று கடையில் பொதுப்படக் கூறும் அறிவுரையை அப்படியே ஏற்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

வாங்குமுன் ஐந்து வினாக்கள்

கடைக்குச் செல்லுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை ஐந்து.

1. பூட்டு எவ்வகை? பல்லா, தானே அழுந்தும் தட்டா, எப்போதும் வழுக்கும் தட்டா, திருகுப்பல்லா? வண்டியின் கைப்புத்தகத்தில் காணலாம். பழைய வண்டியாயின், முன்னிருந்தவர் பூட்டை மாற்றியிருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

2. வகுப்பு எது? ஹைபாயிட் அச்சாயின் பெரும்பாலும் ஜி.எல்.–5. கியர் பெட்டிக்குரிய எண்ணெயை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.

3. செல்லும் இடத்தின் குளிர் எவ்வளவு? அதற்கேற்ப முதல் எண்.

4. உராய்வு மாற்றி வேண்டுமா, வேண்டாவா? இது முதல் வினாவின் விடையைப் பொறுத்தது.

5. கனிம எண்ணெயா, செயற்கை எண்ணெயா? செயற்கை எண்ணெய் குளிரில் எளிதில் ஓடும். வெப்பத்தில் எளிதில் கெடாது. ஆனால் விலை மிகுந்ததனாலேயே அது எங்கும் சிறந்ததாகிவிடாது. தன் பூட்டுகளைத் தனியே வாங்கிப் பொருத்துவோருக்குச் சாதாரணக் கனிம எண்ணெயையே ஈட்டன் பரிந்துரைத்து வந்திருக்கிறது. அதே பூட்டைத் தொழிற்சாலையில் பொருத்திச் செயற்கை எண்ணெய் ஊற்றி அனுப்பிய வண்டிகளும் உண்டு. ஐயம் எழுந்தால் நம் வண்டியின் கைப்புத்தகம் சொல்வதே முடிவு.

ஊற்றும் முறை

எண்ணெயை மாற்றுமுன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வரவேண்டும். சூடான எண்ணெய் அழுக்கோடு முழுதும் வடியும். சமதரையில் நிறுத்தி, முதலில் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிறகுதான் வடிக்கும் துளையின் திருகு. துருப்பிடித்த மேல் திருகு கழலாமற்போனால், வடித்துவிட்ட அச்சுக்கு மீண்டும் எண்ணெய் ஊற்ற வழியிராது. ஊருக்கு வெளியே நின்றுகொண்டு இதை உணர்ந்து என்ன பயன்?

வடிக்கும் திருகில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்குமுன் உற்று நோக்குக. சாம்பல் நிறக் குழம்பு போன்ற நுண்தூள் இயல்பான தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அந்த வண்டியோடு மலையேறலாகாது. எண்ணெய் பாலோடு கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகும்? இதற்கு வாயு விதியே விடை கூறும். நெடுந்தூரம் ஓடி 80 பாகை சூடேறிய அச்சு, சாலையைக் கடந்தோடும் பனியுருகு ஓடையில் இறங்கி 10 பாகைக்குக் குளிர்வதாகக் கொள்வோம். தனிவெப்ப அளவில் 353-லிருந்து 283. உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் அதே விகிதத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அச்சின் மேலுள்ள மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், வெளிக்காற்றுக்குப் பதிலாக ஓடை நீரையே சீல்களின் வழியாக அச்சு உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் மூச்சுக் குழாயைத் துப்புரவாக வைத்திருப்பதும், ஆழமான ஓடையைக் கடந்த பயணத்துக்குப்பின் எண்ணெயைச் சோதிப்பதும் கட்டாயம்.

புது எண்ணெயை, கைப்புத்தகம் வேறு அளவு கூறாவிடின், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பைத் தொடும்வரை ஊற்றினாற்போதும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மிகையாக ஊற்றினால் நுரை பொங்கும். சீல்களைத் தாண்டிக் கசிந்து பிரேக்கை நனைக்கவும் கூடும். இறங்கும் வழியில் பிரேக்கு நனைந்திருப்பதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

இறுதியாக ஒரு சொல். எவ்வளவு நல்ல எண்ணெயும் தவறான பழக்கத்துக்கு ஈடு செய்யாது. கையால் பூட்டும் வண்டியில், வறண்ட தார்ச்சாலை வந்ததும் பூட்டைத் திறந்துவிட வேண்டும். முன்னர்க் கணக்கிட்ட 9.4 மீட்டர் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை. பூட்டியபடி திரும்பினால் அதனை டயரும் தண்டும் பற்களுமே தாங்கவேண்டும்.

நம் கையில் இருப்பது

வாடகைக்கு வரும் ஜீப்பின் ஓட்டுநருக்கு அந்த வண்டியே குடும்பத்தின் சோறு. அவரிடம் சென்று ரசாயனப் பாடம் நடத்த வேண்டியதில்லை, "அண்ணே, அச்சில் என்ன எண்ணெய், எப்போது மாற்றினீர்கள்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல ஓட்டுநர் மகிழ்ச்சியோடு விடை சொல்வார். நாம் அறியாத மலைவழக்குகள் இரண்டையும் கூடவே சொல்லித் தருவார்.

மாணவர்கள் சேர்ந்து வாங்கும் வண்டியோ வேறு விதம். அது ஓராண்டு மாணவர்களிடமிருந்து அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. எண்ணெய் மாற்றியவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். என்ன ஊற்றினார் என்பது அவரோடு போய்விடுகிறது. பின்வந்தவர் ஊகத்தின்மேல் ஊற்றுகிறார். இக்குறையைத் தீர்க்கப் பணம் தேவையில்லை. ஊற்றிய எண்ணெயின் வகுப்பு, பாகுநிலை எண், உராய்வு மாற்றி சேர்த்ததா இல்லையா, மாற்றிய நாள், ஓடிய கிலோமீட்டர் ஆகிய ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி, முன்கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தாற்போதும். அடுத்த குளிர்காலத்தில், நாம் பெயரறியாத ஒரு தம்பியோ தங்கையோ பனிச்சரிவில் வண்டியைத் திருப்பும்போது, பூட்டு தக்க தருணத்தில் பிடிக்கும்.